யெம்மெல்லேக்கு முன்னால் 'ஏ' வருமா, 'ஆன்' வருமா?

எங்கள் மாடி வகுப்பில் கரும்பலகையில் ஆங்கிலம்தான் எழுதுவேன், ஆனால் ஆங்கில எழுத்தில் எழுத மாட்டேன். 'ஏ யூனிவர்சிட்டி', 'ஆன் எஃப்.ஐ.ஆர்.' என்று பலகை முழுக்கத் தமிழெழுத்து. புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள், ரெண்டாம் நாள் நோட்டில் அப்படியே எழுதிக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். பிறகு மதுரையில் ஓர் ஆங்கில நாளிதழின் டெஸ்க்கில், அதாவது நிருபர்கள் அனுப்புகிற செய்தியைத் திருத்துகிற இடத்தில், பத்தொன்பது வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். முதல் மூன்று வருஷம் என் காப்பி (செய்திப் பிரதியை அப்படித்தான் சொல்வோம்) சீனியரிடமிருந்து திரும்பி வரும்போது அம்மன் கோயில் குங்குமத்தட்டு மாதிரி சிவந்துபோய் வரும். பெரிய தப்பு ஒன்றும் இருக்காது. ஆர்ட்டிகிள் என்கிற 'ஏ', 'ஆன்', 'தி'யும், வார்த்தைகளை இணைக்கிற சின்னக் கோடான ஹைபனும்தான். இப்போது சிம்மக்கல் பக்கம் ஒரு வீட்டு மாடியில், மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டியிலிருந்து வருகிற ஸ்டிரிங்கர் (பகுதிநேர நிருபர்) பிள்ளைகளோடு வாரத்தில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த ரெண்டையும் மட்டும் பேசுகிறேன். இலக்கணப் புத்தக விதிகள் அவர்களுக்கு மனப்பாடம். ராத்திரி பதினொன்றரைக்குப் பக்கம் மூடுகிற நேரத்தில் விதி ஞாபகத்துக்கு வராது. தமிழ் வரும். அதனால் தமிழை வைத்தே இதைப் பிடிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் 'ஏ', 'ஆன்'. நம்மிடமே இது இருக்கிறது. ஒரு மரம், ஓர் ஊர். உயிரெழுத்து வந்தால் 'ஓர்', மெய்யேறி வந்தால் 'ஒரு'. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. ஒரே வித்தியாசம், தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு வீட்டில் குடியிருக்கும். 'யூனிவர்சிட்டி'யின் ஸ்பெல்லிங் உயிரில் தொடங்கும், உச்சரிப்பு 'ய'வில் தொடங்கும். 'அவர்' என்று நாம் சொல்கிற மணிநேரத்தின் ஸ்பெல்லிங் மெய்யில் தொடங்கும், உச்சரிப்பு 'அ'வில். ஆர்ட்டிகிள் பார்ப்பது உச்சரிப்பை மட்டும்.

ஆகவே சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து அ முதல் ஔ வரைக்குள் இருந்தால் 'ஆன்'. இல்லையென்றால் 'ஏ'. எஃப்.ஐ.ஆர்., எஸ்.பி., ஆர்.டி.ஓ., எல்.பி.ஜி. சிலிண்டர், என்.ஜி.ஓ., எக்ஸ்ரே: எல்லாம் 'ஆன்'. டி.எஸ்.பி., வி.ஏ.ஓ., யூ.பி.எஸ்.சி. தேர்வு, யூரோப்பியன் டூரிஸ்ட்: எல்லாம் 'ஏ'. சுருக்கப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோமா, ஒரே வார்த்தையாகச் சொல்கிறோமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். என்.ஐ.ஏ. அதிகாரிக்கு 'ஆன்', நாசா விஞ்ஞானிக்கு 'ஏ', ரெண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும்.

இவ்வளவு சுலபமென்றால் ஏன் தப்பு வருகிறது? நம் நாக்கினால். போன மாதம் திருமங்கலத்துத் தம்பி ஒருவன் 'ஏ எம்.எல்.ஏ.' என்று எழுதிக்கொண்டு வந்தான். ஏன் என்றேன். "அண்ணே, நீங்கதானே சத்தத்தைப் பார்க்கச் சொன்னீங்க. யெம்மெல்லே. ய வருதுல்ல?" என்றான். அவன் காது சரி. நம் பேச்சில் எகரத்துக்கு முன்னால் ஒரு 'ய' ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். எலி 'யெலி', எருமை 'யெருமை', எம்.பி. 'யெம்பி'. ஒகரத்துக்கு முன்னால் 'வ' வரும்: ஒத்தக்கடை 'வொத்தக்கடை'. இந்த ய, வ இரண்டும் நம்முடையவை, ஆங்கிலக்காரனுக்குத் தெரியாது. அதனால்தான் பேசிப் பார்க்காதே, எழுதிப் பார் என்கிறேன். எழுதும்போது யாரும் 'யெலி' என்று எழுதுவதில்லை.

எழுதும்போதும் ஏமாற்றுகிற வார்த்தை மூன்று உண்டு. ஒன்று என்கிற எண்ணை நாம் 'ஒன்' என்று எழுதிப் பழகிவிட்டோம், ஆங்கிலத்தில் அது 'வன்'. அந்த 'வ' நிஜமான 'வ'. ஆகவே 'ஏ வன்-டே மேட்ச்', 'ஏ வன்-வே ரோடு'. பதினொன்றை நாம் 'லெவன்' என்கிறோம், அது 'இலெவன்', ஆகவே 'ஆன் இலெவன்-மெம்பர் பேனல்'. எட்டாவது ஆங்கில எழுத்தை 'ஹெச்' என்கிறோம், டெஸ்க்கில் அது 'எய்ச்', ஆகவே 'ஆன் எய்ச்.ஆர். மேனேஜர்'. எட்டும் பதினெட்டும் எண்பதும் 'எய்ட்' என்று தொடங்குவதால் 'ஆன்'. இலக்கத்தில் எழுதும்போது இது கண்ணில் படாமல் தப்பிவிடும். 80 வயதுப் பாட்டி பற்றிய செய்தியில் 'ஏ' போட்டவர்களை எண்ண ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

எங்கள் ஊர்ப்பெயருக்காக நான் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். 'ஆன் உசிலம்பட்டி ஃபார்மர்' என்று எழுதியிருந்ததைச் சீனியர் 'ஏ' ஆக்கினார். யூனிவர்சிட்டிக்கு 'ஏ' வருகிறதே, அதே எழுத்துதானே என்றார். "சார், யூசிலம்பட்டின்னா சொல்றோம்?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனாவால் அவரே திருத்தினார். உத்தமபாளையத்துக்கும் ஊமச்சிகுளத்துக்கும் அலங்காநல்லூருக்கும் இதே 'ஆன்'தான்.

ஆர்ட்டிகிள் பக்கத்து வீட்டை மட்டும்தான் பார்க்கும், அதற்கடுத்த வீட்டைப் பார்க்காது. எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்' என்றாலும், முன்னாள் எம்.எல்.ஏ. என்றால் 'ஏ ஃபார்மர் எம்.எல்.ஏ.' ஆகிவிடும். (என் பலகை முறைக்கு இங்கேதான் ஒரு வெட்கக்கேடு. தமிழில் எழுதினால் முன்னாளும் விவசாயியும் ஒரே 'ஃபார்மர்'. ஸ்பெல்லிங் என்பதைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும்.)

அடுத்தது 'தி'. இதுதான் பிள்ளைகளை அழவைப்பது. தமிழில் 'தி' இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'அவன் மாடு வாங்கினான்', 'அவன் மாட்டை வாங்கினான்'. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதல்லவா? முதலாவதில் ஏதோ ஒரு மாடு. இரண்டாவதில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த மாடு, பேச்சில் அடிபட்ட மாடு. அந்த 'ஐ'தான் 'தி'. செய்தியைத் தமிழில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். செயப்படுபொருளில் அந்த 'ஐ' தானாக ஒட்டிக்கொண்டு வந்தால் 'தி', ஒட்டாமல் மொட்டையாக நின்றால் 'ஏ'. ஆட்களுக்கு இது பலிக்காது, உயர்திணைக்கு 'ஐ' பெரும்பாலும் ஒட்டும். அங்கே 'ஒரு' வருகிறதா 'அந்த' வருகிறதா என்று பாருங்கள்.

செய்தியில் இதன் வேலை எளிது. வாசகருக்கு ஒரு பொருளை முதலில் அறிமுகப்படுத்தும்போது 'ஏ', அடுத்த வரியில் அதே பொருள் திரும்பி வந்தால் 'தி'. முதல் வரியில் 'ஏ பஸ்', இரண்டாம் வரியில் 'தி பஸ்'. இரண்டாம் வரியிலும் 'ஏ பஸ்' என்று எழுதினால் விபத்தில் இரண்டு பஸ் என்று ஆகிவிடும். இது வெறும் இலக்கணப் பிழை இல்லை, செய்திப் பிழை.

ஆனால் டிரைவர்? அவர் செய்தியில் இதற்கு முன் வரவே இல்லையே? இருந்தாலும் 'தி டிரைவர்' தான். பஸ் என்றாலே ஒரு டிரைவர் உண்டு என்பது வாசகருக்குத் தெரியும், பஸ்ஸோடு அவரும் அறிமுகமாகிவிட்டார். கண்டக்டரும் அப்படியே. பயணி அப்படி இல்லை, ஐம்பது பேரில் ஒருவர், ஆகவே 'ஏ பாசஞ்சர்'. கல்யாண வீட்டுச் செய்தியில் 'தி பிரைட்', 'ஏ கெஸ்ட்'. இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பதவிக்கு வருவோம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர், ஆகவே 'தி கலெக்டர்'. கவுன்சிலர் நூறு பேர், ஆகவே 'ஏ கவுன்சிலர்'. பெயருக்கு முன்னால் பட்டம்போல ஒட்டினால் எதுவும் வேண்டாம். 'அப்பாயின்ட்டட் கலெக்டர்', 'எலெக்டட் சேர்மன்' என்று பதவியேற்கும் வாக்கியங்களிலும் வேண்டாம்.

இடப்பெயர்களில் நம் ஊரை வைத்தே எல்லாம் படித்துக்கொள்ளலாம். மதுரைக்கு 'தி' இல்லை. ஆற்றுக்கு உண்டு: கள்ளழகர் இறங்குவது 'தி வைகை'யில். யானைமலை ஒற்றைக் குன்று, 'தி' கிடையாது. சிறுமலைத் தொடர் பலவாக நிற்பது, ஆகவே 'தி சிறுமலை ஹில்ஸ்', அதற்கும் மேலே 'தி வெஸ்டர்ன் காட்ஸ்'. 1895இல் கட்டி முடித்த அணை 'தி முல்லைப்பெரியாறு டேம்'. மதுரை ஜங்ஷனுக்கு 'தி' இல்லை, அங்கிருந்து புறப்படுகிற ரயிலுக்கு உண்டு: 'தி பாண்டியன் எக்ஸ்பிரஸ்', 'தி வைகை எக்ஸ்பிரஸ்'. எக்ஸ்பிரஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். 'தி வைகை' இரண்டு மணி நேரம் தாமதம் என்று ஒருநாள் காப்பி வந்தது. ஆறு எங்கேயப்பா போயிருந்தது என்று டெஸ்க்கே சிரித்தது. 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளைக்கு இரண்டு 'தி': 'தி மதுரை பென்ச் ஆஃப் தி மெட்ராஸ் ஹை கோர்ட்'. இரண்டாவதைத்தான் எல்லாரும் விழுங்குவார்கள்.

காயமடைந்தவரை 'டு ஹாஸ்பிடல்' கொண்டுபோனார்கள் என்றால் சிகிச்சைக்கு என்று அர்த்தம், 'தி' வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் வேண்டும்: 'தி கவர்ன்மென்ட் ராஜாஜி ஹாஸ்பிடல்'. ஜெயிலும் பள்ளிக்கூடமும் இதே கதை. கைதி போவது 'டு ஜெயில்', அவரைப் பார்க்க அம்மா போவது 'டு தி ஜெயில்'. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே எனக்கு ஆங்கிலத்தைப் பிடிக்கும்.

தமிழ் நம்மைக் கைவிடுகிற இடமும் உண்டு. நாம் 'ஒரு தகவல்', 'ஓர் ஆதாரம்', 'ஒரு நகை' என்று எண்ணுவோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், எவிடன்ஸ், ஜுவல்லரி, லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்யுப்மென்ட் எதையும் எண்ண முடியாது. 'ஏ' போடவும் கூடாது, பன்மையாக்கவும் கூடாது. இதற்குக் குறுக்குவழி இல்லை. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

'ஏ' இருந்தால் ஓர் அர்த்தம், இல்லாவிட்டால் நேரெதிர் அர்த்தம் என்கிற இடம்தான் ஆபத்து. 'ஏ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். 'ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர்தான் வந்தார்கள், கூட்டமே இல்லை. அந்தத் 'தான்' ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரியாது, 'ஏ' இல்லாமல் போவதே அது. ஒரு கட்சிக் கூட்டச் செய்தியில் இந்த 'ஏ'யை விட்டுப் பாருங்கள், காலையில் போன் வரும். இதே ஜாதி இன்னொன்று: 'ஏ நம்பர் ஆஃப் ஷாப்ஸ்' என்றால் பல கடைகள், வினை பன்மையில் வரும். 'தி நம்பர் ஆஃப் ஷாப்ஸ்' என்றால் கடைகளின் எண்ணிக்கை, வினை ஒருமை.

தலைப்பில் ஆர்ட்டிகிளை உதிர்க்கலாம், இடம் மிச்சம். தலைப்பைப் பார்த்து லீடு, அதாவது செய்தியின் தொடக்க வரி, எழுதும்போது அந்தப் பழக்கம் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி ஹைபன். இதற்கும் நம்மிடம் ஆள் உண்டு, ஒற்று. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. ஒரு 'ப்' இரண்டு வார்த்தையைக் கைகோத்து நிற்க வைத்துவிட்டது. ஹைபன் செய்வது அதேதான். ஒற்று தீர்க்காத குழப்பத்தைக்கூட அது தீர்க்கும். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அங்கே புத்தகக் கடைகளும் உண்டு. 'பழைய புத்தகக் கடை' என்று தமிழில் சொன்னால் பழையது புத்தகமா, கடையா? தெரியாது. ஆங்கிலத்தில் 'ஓல்ட்-புக் ஷாப்' என்றால் புத்தகம் பழசு. 'ஓல்ட் புக்-ஷாப்' என்றால் கடை பழசு.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: யார் யார் கையைப் பிடித்திருக்கிறார்கள்? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று வார்த்தை சேர்ந்து ஒரே அடைமொழியாக நின்றால் கோடு போடு. 'ஏ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்'. இரண்டு கோடு, ஒன்று இல்லை. 'இயர்ஸ்' இல்லை, 'இயர்'. அதே விஷயம் பெயருக்குப் பின்னால் போய்விட்டால் கைகோக்க அவசியமில்லை: 'தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்'. கோடும் போயிற்று, 'ஸ்'ஸும் திரும்பி வந்தது. 'ஏ த்ரீ-டே ஃபெஸ்டிவல்', ஆனால் திருவிழா நடந்தது 'ஃபார் த்ரீ டேஸ்'. 'ஏ ஃபோர்-லேன் ரோடு', ஆனால் சாலைக்கு 'ஃபோர் லேன்ஸ்'. 'ஏ வெல்-நோன் சிங்கர்', ஆனால் அவர் 'இஸ் வெல் நோன்'.

'லி' என்று முடிகிற வினையடைக்குப் பின்னால் கோடு வேண்டாம்: 'ஏ நியூலி பில்ட் பிரிட்ஜ்'. அந்த 'லி'யே ஒட்டுகிற வேலையைச் செய்துவிடுகிறது. 'ஃபேமிலி'யிலும் 'லி' இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வினையடை இல்லை, பெயர்ச்சொல். 'ஃபேமிலி-ரன் ஹோட்டல்' என்று கோடு போடத்தான் வேண்டும்.

பணம் வரும் இடத்தில் கோடு காசாகிவிடும். 200 ரூபாய்த் தாள் 2017 ஆகஸ்டில் வந்த பிறகு இது நிஜமான தொல்லை. 'டூ ஹண்ட்ரட்-ருபீ நோட்ஸ்' என்றால் இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள். 'டூ-ஹண்ட்ரட்-ருபீ நோட்ஸ்' என்றால் இருநூறு ரூபாய்த் தாள்கள், எத்தனை என்று தெரியாது. கள்ளநோட்டு வழக்கில் இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் இலக்கத்தில் எழுதச் சொல்லிவிடுவேன். இதுபோல '20-ஆட் பீப்பிள்' என்றால் இருபது சொச்சம் பேர். கோடு விழுந்துபோனால் இருபது கோணங்கி ஆசாமிகள்.

வினையாக இருக்கும்போது பிரிந்தும், பெயராகும்போது சேர்ந்தும் வருகிறவை சில. திருடர்கள் 'புரோக் இன்', நடந்தது 'ஏ பிரேக்-இன்'. முன்னொட்டுகளில் 'எக்ஸ்', 'ஆன்ட்டி', 'நான்' மூன்றுக்கும் கோடு போட்டுவிடுங்கள், பத்திரிகைக்குப் பத்திரிகை மற்றவை மாறும். உங்கள் பத்திரிகையின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், சொந்தக் கொள்கை வேண்டாம்.

'ரீ' மட்டும் கொள்கை விஷயமில்லை, உயிர் விஷயம். சேர்ந்து நின்றால் வேறு வார்த்தையாகிவிடுகிற இடத்தில் கோடு கட்டாயம். இது எனக்கு நேர்ந்த கதை. ஒரு விளையாட்டு கிளப்பின் கோச் இரண்டு வருஷத்துக்கு மறுபடி ஒப்பந்தக் கையெழுத்துப் போட்டார். நிருபர் சரியாக 'ரீ-சைன்ட் ஃபார் டூ இயர்ஸ்' என்று கோடு போட்டுத்தான் அனுப்பியிருந்தார். எனக்குத் தூக்கக் கலக்கம். தேவையில்லாத கோடு என்று எடுத்தேன். 'ரிசைன்ட்' ஆயிற்று, ராஜினாமா. அதோடு விட்டேனா? ராஜினாமா செய்தவர் எப்படி 'ஃபார் டூ இயர்ஸ்' செய்வார் என்று யோசித்து, அதை 'ஆஃப்டர் டூ இயர்ஸ்' என்று அழகாகத் திருத்தியும் வைத்தேன். காலை ஏழு மணிக்கு அந்தக் கோச் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வந்துவிட்டதாம். மறுநாள் திருத்தம் போட்டோம். அன்றிலிருந்து மற்றவர் போட்ட கோட்டை எடுப்பதற்கு முன் வரியை வாய்விட்டு ஒரு தடவை படிக்கிறேன். சாலை போடும் செய்தியிலும் இதே பள்ளம் உண்டு: சாலையைத் திரும்பப் போடுவது 'ரீ-லே', கோடில்லாத 'ரிலே' தொடர் ஓட்டம்.

நேரத்தைக் குறிக்கும் கோட்டைப் பற்றி ஒரே வரி. 'ஃப்ரம் 6' என்று ஆரம்பித்தால் 'டு 8' என்று முடியுங்கள், 'பிட்வீன் 6' என்றால் 'அண்ட் 8'. நடுவில் கோடு போட்டுக் கழன்றுகொள்ளாதீர்கள்.

நேற்று உசிலம்பட்டித் தம்பி ஒருவன் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கொடுத்த காப்பி இது: '35 இயர் ஓல்ட் மேன் டைட் வென் தேனி பவுண்ட் பஸ் ஹிட் ஹிஸ் டூ வீலர் நியர் செக்கானூரணி ஆன் மண்டே. டிரைவர் ஆஃப் பஸ் ஃப்ளெட்.' அவனையே திருத்தச் சொன்னேன். 35ஐத் தமிழில் எழுதினான், 'தர்ட்டி', த வருகிறது, ஆகவே 'ஏ 35-இயர்-ஓல்ட் மேன்'. கோடு இரண்டு. தேனியும் பவுண்டும் பஸ்ஸுக்கு முன்னால் கைகோத்தன, பஸ் புது ஆள்: 'ஏ தேனி-பவுண்ட் பஸ்'. டூ-வீலர் எப்போதும் கோட்டோடு, 'ஹிஸ்' இருப்பதால் ஆர்ட்டிகிள் வேண்டாம். கடைசி வரியில் கொஞ்சம் நின்றான். பிறகு, "பஸ்ஸுக்கு ஒரு டிரைவர்தானண்ணே" என்று சொல்லி 'தி டிரைவர் ஆஃப் தி பஸ் ஃப்ளெட்' என்று எழுதினான்.

"மண்டேக்கு தி வேணாமாண்ணே?"

வேணாம் என்றேன். பதினெட்டு வயசுப் பையன் செத்திருந்தால் என்ன போடுவாய் என்று கேட்டேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டே "ஆன்" என்றான்.